எட்டு வயது இல்லாத ஊர்

எட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது நிறைமதி சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினாள்.

தனுஜா முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகுதான் பாடசாலைக்குக் கட்டிக்கொடுத்த இடியப்பம் தொடாமலே திரும்பி வருவதைக் கவனித்தாள். மாரி தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் மகள் வழக்கத்தைவிடக் கூடத்தான் தின்பாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறு இல்லை. அப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்த புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், பழையதே போதும் என்றாள். பழையது அக்குளில் இறுகி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதைக் கீழே கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி நடந்தாள். நிமிர்ந்து நில் என்றால் அழுதாள்.

ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள் தனுஜா. நாவற்கட்டில் ஆசுபத்திரி என்றால் ஊரைவிடப் பெரிய கட்டடம். அதன் பின்பக்கத்தில்தான் குடங்கள் இருந்தன. கருக்குடம் என்பது அரசாங்கம் வைத்த பெயர், ஊருக்கு அது வெறும் குடம். பெண்களின் வயிற்றில் கரு தங்குவது அருமையாகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தண்ணீரால் என்றார்கள், காற்றால் என்றார்கள், ஒன்றும் நிச்சயமாகவில்லை. தாய் தகப்பனிடமிருந்து எடுத்ததைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய கண்ணாடிக் குடத்தில் ஒன்பது மாதம் வளர்த்துக் கையில் கொடுத்தார்கள். நிறைமதியைக் குடத்திலிருந்து எடுத்துத் துடைத்து, தனுஜாவின் மடியில் முதலில் வைத்தவர் தவமலர் மிஸி. அந்தப் பக்கத்தில் தாதிகளை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மிஸி பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

தனுஜாவும் கணவன் ரஜீவனும் நாவற்கட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகப்போகிறது. இருவருக்கும் பூர்வீகம் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள், வளர்ந்தது வத்தளையில். பிள்ளைக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத்தில் இருந்த அதிகாரி அம்மாள் சுவரில் நாட்டின் படத்தைக் காட்டி விளக்கியது தனுஜாவுக்கு நினைவிருந்தது.

"இவ்வளவு சின்ன நாடு. ஆனா இந்தப் பக்கம் பாருங்க, மேற்குக் கரையில கால் வைக்க இடமில்ல. இங்க வடக்கில வீடு இருக்கு, ஆள் இல்ல. பிள்ளைங்க இல்லாத ஊர்ல முதல்ல பள்ளிக்கூடம் மூடும், பிறகு பஸ் நிக்கும், பிறகு டொக்டர் போவார். அப்புறம் மிச்சம் இருக்கிறவங்களும் போயிடுவாங்க. அதனாலதான் குடங்களை அங்க வைச்சிருக்கோம். பிள்ளைக்கு எட்டு வயசாகும்வரை அங்க இருங்க. யாருக்குத் தெரியும், பிடிச்சுப்போய் அங்கேயே தங்கினாலும் தங்கிடுவீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் யாரும் தங்கவில்லை. எட்டு வயது நிறைந்ததும் அரசாங்க வீடு அடுத்த தம்பதிக்குப் போகும். பாடசாலையில் மூன்றாம் வகுப்புவரைதான் இருந்தது. பிள்ளைகள் தங்காததால் நான்காம் வகுப்பு இல்லை, நான்காம் வகுப்பு இல்லாததால் பிள்ளைகள் தங்கவில்லை. பெற்றோரில் ஒருவர் எப்போதும் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ரஜீவன் கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை இயக்கும் வேலையில் இருந்தான், இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்து போனான். தனுஜா எட்டு வருடமும் ஊரைவிட்டு நகரவில்லை. பிள்ளையும் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எட்டு வருடமும் முதலிலிருந்து எண்ணப்படும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலை முழுகிவிட்டு வந்த மகளுக்குத் தனுஜா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, எட்டு வயசு நோகுமோ?"

தனுஜாவுக்கு விளங்கவில்லை. மலைநாட்டுத் தமிழ் பேசுகிறவளுக்கு வன்னித் தமிழ் பேசுகிற மகள். ஏதோ சொல்லைத் தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

"எட்டு வயசு வரேக்க நோகுமோ எண்டு கேக்கிறன்."

"நோகும்னு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. சொல்ல ஆளில்லைத்தானே."

தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. துவாயை எடுத்துவிட்டு மகளைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளை முதலில் தயங்கினாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த விஷயம்தானாம் அது. எட்டு வயது வந்ததும் பஸ்ஸில் ஏற்றுவார்கள். ஏறின ஆள் திரும்பி வருவதில்லை. பிள்ளை அதோடு முடிந்துவிடும். பெரிய ஆக்கள் வேறு. அவர்கள் வரும்போதே பெரிதாகத்தான் வருகிறார்கள். அம்மா வத்தளையிலிருந்து வந்தபோதே பெரிது. அப்பாவும் அப்படித்தான். மிஸி எப்போதுமே பெரிது. சின்னதாக இருந்து பெரிதான ஒருவரை யாராவது கண்டதுண்டா? தின்றால் வளரும், வளர்ந்தால் எட்டு வந்துவிடும். அதனால்தான் அவள் சாப்பாட்டைக் குறைத்திருந்தாள்.

"நானும் சின்னப் பிள்ளையா இருந்தவதான் கண்ணு. போட்டோ காட்டியிருக்கேனே" என்றாள் தனுஜா.

"போட்டோவில டைனோசரும் நிக்குது" என்றாள் நிறைமதி.

தனுஜா மனதுக்குள் ஊரைச் சுற்றி வந்தாள். பாடசாலையில் ஐந்திலிருந்து ஏழு வயதுவரை, வீடுகளில் அதற்கும் கீழே கைக்குழந்தைவரை. அடுத்து, குடத்துக்கென்று வந்த தாய் தகப்பன்மார், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். பிறகு ஊர்க்காரர், ஐம்பதுக்கு மேல். எட்டு வயதில் ஒரு பிள்ளை? பத்தில்? பதினைந்தில் சைக்கிள் ஓட்டுகிற ஒரு பொடியன்? இந்த எட்டு வருடத்தில் ஒருவரைக்கூட அவள் இந்தத் தெருக்களில் கண்டதில்லை. கண்டதில்லை என்பதும் இந்த நிமிடம்வரை அவளுக்குத் தோன்றவில்லை. மேற்கிலிருந்து பிள்ளைகளோடு யாரும் உறவு பார்க்க வருவதில்லை. அவளுடைய தங்கைக்கு இன்னும் குடம் கிடைக்கவில்லை, ரஜீவன் வீட்டிலும் வேறு பிள்ளை இல்லை.

அகரனின் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், நிறைமதியோடு ஒரே பாயில் தூங்கி எழும்பியவன். போன சித்திரையில் எட்டு நிறைந்து கொழும்புக்குப் போயிருந்தான். தனுஜா அவன் தாயை அழைத்து, பிள்ளைகள் இருவரும் முகம் பார்த்துப் பேசட்டும் என்றாள். திரையில் அகரன் வந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான், மேல்பல் முளைத்திருந்தது. கொழும்புத் தமிழில் ஹலோ சொன்னான், எப்படி இருக்கீங்க என்றான், பக்கத்தில் வேறு எதையோ பார்த்துச் சிரித்தான். நிறைமதி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு முடிந்ததும், அது அகரன் இல்லை என்றாள்.

மறுநாள் தனுஜா அகரனின் தாயைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். செலவெல்லாம் தான் பார்ப்பதாகவும், இரண்டு நாளைக்குப் பையனைக் கூட்டி வந்தால் போதும் என்றும் கேட்டாள்.

"வந்து மூணு மாசம் அவன் ராத்திரியெல்லாம் அழுதான் தனுஜா. இப்பத்தான் அந்த ஊரைப் பத்திப் பேசாம இருக்கான். குறை நினைக்காதீங்க, என்னால முடியாது."

தனுஜா குறை நினைக்கவில்லை. தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

ஆசுபத்திரி வாசலில் தவமலர் மிஸியைப் பிடித்து, பிள்ளை கேட்டதைச் சொன்னாள். மிஸி ஆச்சரியப்படவில்லை. மழைக்கு ஒதுங்கி இருவரும் மருந்தறையில் உட்கார்ந்தார்கள். உள்ளே குடங்களின் மோட்டார் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது குடங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஒன்று, தான் காலி செய்யும் வீட்டுக்கு அடுத்ததாக வரப்போகிற பிள்ளை என்பது தனுஜாவுக்குத் தெரியும்.

"எல்லாப் பிள்ளையளும் கேக்கிறதுதான்" என்றார் மிஸி. "முதல்ல நான் ஏதாவது பொய் சொல்லுவன். பேந்து அதையும் விட்டிட்டன். ஏனெண்டால் நான் என்னத்தைக் காட்டிச் சொல்லுறது? என்ர கையால எடுத்த பிள்ளையள் இப்ப இருபது வயசிலயும் இருப்பினம். ஒண்டும் திரும்பி வரேல்ல. ஒருக்கா வவுனியாவில ஒரு பெட்டையைக் கண்டனான். காதுக்குப் பின்னால மறு இருந்தது, நான் துடைச்ச மறு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். திரும்பிப் பாத்திட்டு, ஆர் நீங்கள் எண்டு கேட்டாள். அவளில பிழை இல்லைப் பிள்ளை. எட்டு வயசில போனது, என்னத்தை நினைச்சு வைச்சிருக்கும்?"

மிஸியின் கை மேசையில் இருந்த பஞ்சுச் சுருளைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

"ஒரு பிள்ளை நிண்டால் காணும், போதும்" என்றார் மிஸி. "ஒண்டே ஒண்டு. எட்டு வயசில இந்தத் தெருவால ஒருக்கா நடந்து போனால் காணும். மற்றதெல்லாம் பாத்து விளங்கும்."

சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே பயந்தவர்போல எழுந்து போய்விட்டார்.

அடுத்த முறை ரஜீவன் வந்தபோது தனுஜா அவனிடம் சொன்னாள். வத்தளை வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று, மகளுக்குப் பாடசாலையில் இடம் பேசியாயிற்று என்று அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இன்னும் கொஞ்சக் காலம் இங்கேயே இருந்தால் என்ன என்று அவள் கேட்டதும் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு கோபப்பட்டான். கோபத்தில் அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. எட்டு வருடம் பஸ்ஸிலும் ரயிலிலும் கழித்தவன் அவன். மகள் முதல் அடி வைத்ததைத் திரையில்தான் பார்த்தான். இங்கே நான்காம் வகுப்பு இல்லை, அவள் வயதில் விளையாட ஒரு பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் பயம் தெளிய வேண்டும் என்பதற்காகத் தன் பிள்ளையைத் தனியாக நிறுத்தி வைப்பது என்ன நியாயம் என்று கேட்டான்.

"ஊருக்காக இல்லீங்க. இவளுக்காக. பயந்துகிட்டே பஸ்ஸில ஏத்தினா, அவ பாதி இங்கேயே நின்னுடும்."

"இவளுக்காகவா, உனக்காகவா?"

தெரியாது என்றாள் தனுஜா.

அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. ரஜீவன் மகளைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று தனுஜாவுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. சித்திரைவரை பார்ப்போம் என்றான்.

குடும்பங்களை ஊர் ஊராகப் பரப்பிக் குடியேற்றும் பரம்பல் திணைக்களத்துக்கு அழைத்தபோது பேசிய அதிகாரி இளைஞன், மரியாதையானவன். தங்குவதற்குத் தடை எதுவும் இல்லை என்றான். ஆனால் வீட்டைக் கொடுத்துவிட வேண்டும், உதவிப் பணம் நின்றுவிடும். நான்காம் வகுப்பு வேண்டும் என்று தனுஜா கேட்டாள்.

"அம்மா, ஒரு பிள்ளைக்கு வகுப்பு வைக்க முடியாது. திரையில பாடம் எடுக்கலாம்."

"இங்க பிள்ளைங்க வளர்ந்து பெரிசாகிறதே இல்லைங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க பிரதேசத்தில சனத்தொகை குறையலையே. வடக்கில நல்லா வந்திருக்கிற இடங்கள்ல உங்க இடமும் ஒண்ணு. பிள்ளைங்க எண்ணிக்கை பதினைஞ்சு வருஷமா அப்படியே இருக்கு."

"எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு. பிள்ளைங்கதான் வேற."

தன் கையில் எதுவும் இல்லை என்று மெதுவாகச் சொன்னான்.

ஊரில் வெறும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. மிஸி வீட்டுக்கு எதிரே, சொந்தக்காரர்கள் எப்போதோ கனடா போய்விட்ட ஒரு வீட்டைத் துப்புரவாக்கினார்கள். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. மார்கழி விடுமுறையில் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது பாடசாலைப் பிள்ளைகள் வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். வண்டி பஸ் நிற்கும் சந்தியைத் தாண்டிப் போனதும் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறந்தநாள் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை வந்தது. நிறைமதி விடிய முன்னமே எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தனுஜா அறைக்குள் போனபோது அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் விரல்களை மடக்கி விரித்தாள். நாக்கால் பற்களைத் தடவினாள்.

"வந்திட்டுதோ?"

"வந்துடுச்சு. ராத்திரியே வந்துடுச்சு."

"எனக்குத் தெரியேல்ல" என்றாள் நிறைமதி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு பிட்டுக் கேட்டாள், தின்றாள், இன்னும் கேட்டாள்.

எட்டு மணிக்கெல்லாம் வாசலில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. முதலில் படலைக்கு வெளியே நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நிறைமதி வாசற்படியில் புதுச் சட்டையோடு நின்றாள். செழியன் என்று ஐந்து வயதுப் பையன் ஒருவன் கிட்டே வந்து, ஒரு விரலால் அவள் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கினான். மறுபடியும் வந்து இந்த முறை உள்ளங்கையால் பிடித்தான்.

"சூடாத்தான் இருக்கு" என்று மற்றவர்களுக்குச் சொன்னான்.

அதற்குப் பிறகு எல்லோரும் தொட்டார்கள். தலைமுடியை, முழங்காலை, காதை. புதுப் பல்லைக் காட்டச் சொன்னார்கள், அவள் வாயைத் திறந்து வரிசையாக எல்லோருக்கும் காட்டினாள். ஏழு வயதுக்காரி ஒருத்தி, அடுத்த மாதம் எட்டு ஆகிறவள், கடைசிவரை தள்ளி நின்றுவிட்டு, எல்லோரும் போன பிறகு வந்து காதுக்குள் ஏதோ கேட்டாள். நிறைமதி இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளை கெந்திக் கெந்தி ஓடிப்போனது. எதிர்வீட்டு வாசலில் தவமலர் மிஸி வேலைக்குப் போகிற உடுப்போடு இதையெல்லாம் பார்த்தபடி நின்றிருந்தார். அன்று அவர் ஆசுபத்திரிக்குப் பிந்தித்தான் போனார்.

கொஞ்ச நாள் நிறைமதி ஊரில் ராணியாக இருந்தாள். பிறகு அது பழகிப்போயிற்று. காலையில் திரை முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டாள். முகம் தெரியாத பிள்ளைகள் ஏதேதோ ஊர்களிலிருந்து பதில் சொன்னார்கள். பத்து மணிக்கு இடைவேளை விடும்போது அவள் முற்றத்தில் தனியாக நின்றாள். பின்னேரங்களில் சின்னவர்களோடு விளையாடப் போவாள். ஒருநாள் அவள் அரைவாசியில் திரும்பி வந்து மதிலில் உட்கார்ந்திருப்பதைத் தனுஜா கண்டாள். ஏன் வந்துவிட்டாய் என்றால், அவர்களுக்கு விளையாட்டின் சட்டம் விளங்கவில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றாள். ரஜீவன் சொன்னது இதுதான் என்று தனுஜாவுக்குப் பட்டது. ஆனாலும் அவளுக்கு இந்த வீடு பிடித்திருந்தது. ஒழுகின ஓடுகளை மாற்றியாயிற்று. கிணற்றடியில் வெண்டி காய்த்தது. ஆசுபத்திரியில் குடங்களின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் இல்லை என்று மிஸி கேட்டபோது சரி என்றிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் விரல் சூப்பிக்கொண்டு மிதக்கும் பிள்ளைகளிடம் போகிறபோக்கில் பேசுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

சித்திரை விடுமுறைக்கு ரஜீவன் வந்திருந்தான். கெடு முடிந்துவிட்டதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிறைமதிதான் தொடங்கினாள்.

"அம்மா, நான் வவுனியாவில படிக்கப் போகட்டே? அங்க நாலாம் வகுப்பில நிறையப் பிள்ளையள் இருக்கினமாம். திரையில வாற ரீச்சர் சொன்னவ. விடுதியும் இருக்காம்."

தனுஜாவின் கை தட்டிலேயே நின்றது. மகளின் முகத்தில் பயத்தைத் தேடினாள். ஒரு துளியும் இல்லை. இந்த நான்கு மாதம் அவள் இங்கே நின்று பிள்ளைக்குக் கொடுத்தது இதைத்தான், போகிற தைரியத்தை. அது நல்லதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ரஜீவன் முந்திக்கொண்டான். வவுனியா எதற்கு, எல்லோருமாக வத்தளைக்கே போய்விடலாமே, வீடு காத்திருக்கிறது என்றான். மகள் அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

"இல்லை அப்பா. நீங்களும் அம்மாவும் வந்தால் நானும் திரும்பி வராமல் போன ஆள்தான். அம்மா இங்க இருந்தால் நான் வெள்ளிக்கிழமை வருவன். திங்கட்கிழமை போவன். பேந்து வருவன். செழியன் ஆக்கள் பாப்பினம்."

எட்டு வயதுப் பிள்ளையை வாரம் முழுக்க இன்னொரு ஊரில் விடுவதா என்று தனுஜா எத்தனையோ முறை பின்னர் தன்னையே கேட்டுக்கொண்டாள். எட்டு வருடம் ஒருநாள்கூடப் பிரியாதவள். பெறவும் முடியாமல், காத்திருந்து கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஒரே பிள்ளை. ரஜீவன் வவுனியாவுக்குப் போய்ப் பாடசாலையைப் பார்த்தான், விடுதி அம்மாவோடு பேசினான், கட்டிலைக்கூட அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றான். குறை ஏதாவது கண்டுபிடித்து வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவனும் அதற்காகத்தான் போயிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வத்தளை வீட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றி அவனே பேச்செடுத்தான். பாரந்தூக்கியை எங்கிருந்தும் இயக்கலாம், கொழும்பில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இல்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

இரண்டாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை காலை நிறைமதி பஸ்ஸில் ஏறினாள். பிள்ளைகள் எல்லோரும் சந்தியில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வருவாள் என்று தனுஜா சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. போனவர்கள் எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த ஐந்து நாளும் தனுஜா ஆசுபத்திரியில் இருக்கிற வேலை, இல்லாத வேலை எல்லாம் செய்தாள். இரவில் பேசும்போது நிறைமதி புதுச் சிநேகிதிகளின் பெயர்களை அடுக்கினாள். ஒருநாள் பேச மறந்தே போனாள். தனுஜா அதைச் சொன்னபோது, மிஸி தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அது நல்ல குறி என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெயில் தணிந்திருந்தது. பஸ் வரும் நேரத்துக்கு முன்னமே சந்தி நிறைந்துவிட்டது. பிள்ளைகள், அவர்களைத் தேடி வந்த தாய்மார், ஊர்க்காரரில் சிலர். எதற்கு வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தாயொருத்தி, மகனின் கையைப் பிடித்தபடி தனுஜாவின் பக்கத்தில் வந்து நின்றாள். வவுனியா விடுதியில் இன்னும் இடம் இருக்குமா என்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. முன்கதவால் இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள். ஒரு மூட்டை இறங்கியது. பிறகு யாரும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செழியன் தனுஜாவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை, நிறைமதி வரமாட்டாள் என்பது தனுஜாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது என்று சொல்வதுபோல இருந்தது.

சாரதி தலையை வெளியே நீட்டி, "அம்மா, இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றார்.

தனுஜா படியேறி உள்ளே போனாள். கடைசிக்கு முந்திய ஆசனத்தில், பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, வாய் திறந்தபடி நிறைமதி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சடை அவிழ்ந்திருந்தது. யாரோ மையால் அவள் கையில் ஒரு பூ வரைந்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, சின்ன முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்து அவளைப் பார்த்தன.

தனுஜா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் நெற்றியில் கை வைத்தாள். நிறைமதி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல் ஒரு கணம் விழித்தாள்.

"வந்திட்டமோ?"

"வந்துட்டோம்" என்றாள் தனுஜா.